ஏழாவது முட்டை

கூட்டுக் கதவின் கொண்டியை எடுக்கும்போதே பூவலிங்கத்துக்கு ஒரே வேண்டுதல்தான், இன்றைக்கு ஒரு கோழிகூட முட்டை போட்டுவிடக் கூடாது. கோழி வளர்க்கிறவன் எவனாவது இப்படி வேண்டிக்கொள்வானா? ஏழு பெட்டையும் ஒரு சேவலும் வைத்திருக்கிற ஆள். ஒன்று ஒருநாள் முட்டை தள்ளிப்போட்டால் அதற்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, என்னத்தா, மேலுக்குச் சரியில்லையா என்று விசாரிக்கிற ஆள். அப்பேர்ப்பட்டவன் இந்தச் சனிக்கிழமைக் காலையில் பல்கூட விளக்காமல் நின்றுகொண்டு, பெட்டைகள் பலகையில் இருந்து தொப்புத் தொப்பென்று குதித்து வெளியே வருவதைப் பார்த்து, இன்னைக்கு ஒருநாள் மட்டும் அடக்கிக்கிடுங்கடி என்று மனசுக்குள் கெஞ்சினான். கருத்தி வந்தாள், புள்ளிக்காரி வந்தாள், மொட்டைக்கழுத்தி வந்தாள், மற்றதுகளும் வந்தன, ஒன்றுக்கும் ஒரு சோர்வு கிடையாது. மருந்தில் முங்கி எழுந்த கோழிகளே குத்துக்கல் மாதிரி நிற்கும்போது அதுகளின் முட்டையைக் குடித்தவளுக்கு மட்டும் என்ன வந்துவிடப் போகிறது? அந்த நினைப்பு முழுசாக முடிவதற்குள் பக்கத்து அறைச் சன்னலில் இருந்து சத்தம் வந்தது. ஓங்கரிப்பு. வயிற்றில் ஒன்றும் இல்லாமல் வெறுமனே ஓங்கரிக்கிற சத்தம். பிறகு சங்கரவடிவு முதுகைத் தடவியபடி, ஒண்ணுமில்லட்டி, ஒண்ணுமில்ல என்று சொல்கிற சத்தம். சங்கரவடிவு அவன் மனைவி. உள்ளே ஓங்கரிப்பது கீர்த்திகா, பன்னிரண்டு வயசு, ஒரே மகள், பெரியமனுஷியாகி இன்றோடு பதின்மூன்று நாள்.

பதின்மூன்று நாளாக அவன் மகள் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் வகையில் சடங்கு முடிகிறவரை ஆம்பிளைக் கண் படக்கூடாது, பெற்ற அப்பன் கண்ணையும் சேர்த்துத்தான். தாய்மாமன் வந்து தென்னோலைத் தட்டி கட்டி, பக்கத்து அறையைக் குச்சாக்கிக் கொடுத்துவிட்டுப் போனான். அத்தைக்காரி, அதாவது பூவலிங்கத்தின் அக்கா ஆவுடையம்மாள், உளுந்தங்களி கிண்ட மூட்டைமுடிச்சோடு வந்து இறங்கிவிட்டாள். பெற்றவளுக்கு ஆயிரம் வேலை. அப்பனுக்கு? பந்தலுக்குச் சொல்லு, சமையல்காரனுக்குச் சொல்லு, அப்புறம் வழியை விட்டு விலகி நில்லு, அவ்வளவுதான். அவனுக்கென்று வாய்த்தது ஒன்றே ஒன்று, முட்டை. காலையில் வெறும் வயிற்றில் நாட்டுக்கோழி முட்டையை மேலே கொத்தி உடைத்துப் பச்சையாக வாயில் விடவேண்டும், பிறகு அந்த ஓட்டிலேயே நல்லெண்ணெயை ஊற்றி அதையும் குடிக்க வைக்கவேண்டும், நாளைக்கு இடுப்பு நிற்க வேண்டாமா! மற்ற வீட்டுக்காரர்கள் சடங்கு வந்தால் முட்டைக்குத் தெருத்தெருவாக அலைவார்கள். பூவலிங்கம் அலையவில்லை. போட்ட சூடு ஆறுமுன்னே உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போய்ப் பின்வாசலில் அக்கா கையில் கொடுப்பான். கொடுத்துவிட்டு ஓலைத் தட்டிக்கு எட்டத்தில் நிற்பான். குடிச்சிட்டாளா? குடிச்சிட்டா. இந்த இரண்டு வார்த்தைக்கே அவனுக்கு நாள் பூராவும் வயிறு நிறைந்து கிடக்கும். மகள் உடம்பில் ஏறுகிற பலம் நம் கோழி போட்டது, நாம் தீனி போட்டு வளர்த்த கோழி போட்டது. நேற்றுக்கூட, நேற்று, சரி, நேற்று ஒன்றுமில்லை, நேற்றைப் பற்றி இப்போது என்ன? களைக்கொத்தை எங்கே வைத்தோம் என்று தேடினான். அது அவன் கையில்தான் இருந்தது.

கூட்டுக்குள் தலையை விட்டுக் குனிந்தான். வேலையைச் செய்தால் மனசு சும்மா கிடக்கும் என்று ஒரு எண்ணம். முதலில் பலகைக்கு அடியில் விழுந்திருக்கிற எச்சத்தைச் சுரண்ட வேண்டும், ஈரம் பட்ட உமியை மட்டும் தனியாக வாரிச் சட்டியில் போட வேண்டும், காய்ந்த உமியைக் கிளறிவிட வேண்டும், மூலைக்கு மூலை சாம்பலும் சுண்ணாம்புத் தூளும் ஒரு கை தூவ வேண்டும், தண்ணீர்ச் சட்டியைத் தேங்காய் நாரால் வழவழப்புப் போகத் தேய்க்க வேண்டும். ஒருநாளும் இதில் ஒன்றை அவன் விட்டதில்லை. மூக்கை வைத்து அவன் வீட்டில் கோழி இருப்பதைக் கண்டுபிடிக்க முடியாது. வந்த புதிதில் சங்கரவடிவு சொல்லியிருந்தாள், ஒருநாள் நாத்தம் வந்தாலும் அன்னைக்கே அத்தனையையும் குழம்பு வச்சிருவேன் என்று. பதினாலு வருஷமாக அவளுக்கு அந்த வாய்ப்பை அவன் கொடுக்கவில்லை. சுத்தக்காரன். வேலையும் அப்படி, பேரூராட்சித் தண்ணீர்த் தொட்டியில் பம்ப் ஆபரேட்டர், ஊரே குடிக்கிற தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலக்கிறவன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் அளப்பான். தூளைத் தனி வாளியில் கரைத்து, தெளியவிட்டு, தெளிவை மட்டும் ஊற்றி, கடைசித் தெருக் குழாயில் போய்த் தானே ஒரு மடக்குக் குடித்துப் பார்த்துவிட்டு வருவான். அவன் கையால் தண்ணீர் குடித்து ஒருத்தர் வயிற்று வலி என்று சொன்னதில்லை, ஒருத்தர் வாந்தி என்று சொன்னதில்லை. வாந்தி. அங்கே வந்து மாட்டிக்கொண்டான். சுரண்டின இடத்தையே திரும்பச் சுரண்டினான். பலகையில் எச்சமே இல்லை, வெறும் மரத்தூள்தான் உதிர்ந்தது.

ஊருக்கெல்லாம் அளந்து போடுகிறவன் போன சனிக்கிழமை அளக்கவில்லை. அதுதான் விஷயம், அதைச் சுற்றிச் சுற்றி எத்தனை தடவை வந்தாலும் அதுதான். அக்கா வந்த மூன்றாம் நாளே முழங்கையைச் சொறிந்துகொண்டு, ஏலே, ஒங் கோழிப்பேன் அடுப்படி வரைக்கும் வந்துட்டு, சடங்குக்கு வாரவுக பந்தல்ல உக்காந்து சொறிஞ்சிக்கிட்டா சாப்பிடுவாக என்றாள். அவனுக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. சுத்தக்காரன் வீட்டில் பேனா? பலகை இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தால் உண்மைதான், பொடிப்பொடியாக ஊர்ந்தது. எப்போதும் செய்கிற மாதிரி சாம்பலையும் வேப்பிலைத் தூளையும் குழியில் கொட்டிக் கோழிகளைப் புரள விட்டிருக்கலாம், அதற்குப் பதினைந்து நாளாவது பிடிக்கும். சடங்குக்குப் பதினொரு நாள்தான் இருந்தது, இனி வருகிற புதன்கிழமை. பக்கத்துத் தெருப் பால்காரரிடம் மாட்டு உண்ணிக்கு அடிக்கிற மருந்து பாதிப் பாட்டில் கிடந்தது, வாங்கி வந்தான். அளக்கிற மூடி தொலைந்து போயிருந்தது. வாளித் தண்ணீரில் கண்ணளவாக விட்டான், தண்ணீர் பால்போல வெளுத்தது, பழைய பேன், லேசில் போகாது என்று இன்னும் கொஞ்சம் விட்டான். ஒவ்வொரு கோழியாக இறக்கையைச் சேர்த்துப் பிடித்து, தலை மட்டும் வெளியே தெரிய முக்கி எடுத்தான். அரைமணி நேரத்தில் பேன் எல்லாம் செத்து உதிர்ந்தது. பெருமையாக இருந்தது. அக்காவைக் கூப்பிட்டு வந்து காட்டினான். அக்காவும், பரவால்லியே, கெட்டிக்காரன்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கருத்தி முட்டை போட்டாள், மகள் குடித்தாள். திங்கள் ஒன்று. செவ்வாய் ஒன்று. அந்த மூன்றுக்கும் அவனை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது, கடவுள் வந்து கேட்டாலும் தெரியாது சாமி என்று சொல்லிவிடலாம். செவ்வாய் சாயங்காலம் தவிடு வாங்கக் கடைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். தவிடு வீட்டில் இருக்கத்தான் செய்தது, ஏன் போனான்?

கடையில் பழைய காம்பவுண்டர் உட்கார்ந்திருந்தார். மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மனுஷன், பொழுது போகாமல் தவிட்டுக் கடையில் வந்து பேப்பர் படிக்கிறவர். கோழியெல்லாம் எப்படி இருக்கு என்று பொதுவாகக் கேட்டார். பூவலிங்கம் மருந்தில் முக்கின சாமர்த்தியத்தைச் சொன்னான். அவர் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை, சரிதான், மூணு வாரத்துக்கு முட்டையைத் தொட்டுராதீரும், மேல ஊறுன மருந்தக் கோழி அலகால கோதிக் கோதி உள்ள தள்ளிரும், எல்லாம் முட்டையில வந்து நிக்கும் என்றார். அவ்வளவுதான். அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டார். பூவலிங்கம் தவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான், வீடு வந்து சேர்ந்தது அவனுக்கு ஞாபகமில்லை. அன்று ராத்திரியே சொல்லியிருக்கலாம். சங்கரவடிவு பந்திக்கு எத்தனை பேர் என்று அக்காவோடு கணக்குப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்புக்குள்ளே போய், உன் மகளுக்கு மூணு நாளா விஷத்தைக் கொடுத்திட்டேன் என்று எப்படிச் சொல்வது? விஷமா? விஷம் என்று யார் சொன்னது? காம்பவுண்டர் தொடாதீரும் என்றார், விஷம் என்று சொல்லவில்லை. அவர் பிராய்லர் கோழியைச் சொல்லியிருப்பார். வேறு மருந்தைச் சொல்லியிருப்பார். ஆடுமாட்டுக்கு ஊசி போட்ட மனுஷனுக்கு மனுஷ வயிறு என்ன தெரியும்? புதன்கிழமை காலையில் அவன் யாருக்கும் தெரியாமல் இரண்டு முட்டையை உடைத்துத் தான் குடித்தான், தொட்டித் தண்ணீரைக் குடித்துப் பார்க்கிறவன் அல்லவா. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். ஒன்றும் செய்யவில்லை. தெம்பாகக்கூட இருந்தது. மூன்றாவது முட்டையை அக்கா கையில் கொடுத்தான். அவன் எண்பது கிலோ ஆள், மகள் முப்பத்திரண்டு கிலோ, அவன் குடித்தது ஒருநாள், அவள் குடித்தது நாலாவது நாள், இந்தக் கணக்கு அன்றைக்கு அவன் புத்தியில் ஏறவில்லை. ஏறவில்லையா, ஏற விடவில்லையா? வேறு வீட்டு முட்டைக்கும் முயற்சி செய்யாமல் இல்லை. வியாழக்கிழமை விடியுமுன்னே எதிர்வீட்டில் போய் ஒரு முட்டை கேட்டான். அந்தம்மா சிரித்துவிட்டாள், ஏழு கோழி வச்சிருக்கிறவரு எங்கிட்ட வந்து கேக்கீகளே, ஏன், ஒங்க கோழிக்கு என்ன வந்தது என்றாள். ஒன்றும் வரவில்லை, சும்மாதான் கேட்டேன் என்று திரும்பி வந்துவிட்டான். திரும்பி வந்து கருத்தி போட்டதை எடுத்துக் கொடுத்தான். வியாழன் ராத்திரி மகள் முதல் தடவை வாந்தி எடுத்தாள். எண்ணெய் ஒத்துக்கலை என்றாள் அக்கா, எல்லாப் பிள்ளையும் எடுக்கும், நான் எடுக்கலையா, நீ எடுக்கலையா என்று சங்கரவடிவிடம் சொன்னாள். அப்பாடா, எண்ணெய்தான். எண்ணெயாகத்தான் இருக்கும். நேற்று வெள்ளிக்கிழமை காலையில்... உமி மூட்டை அவிழ்ந்து கிடக்கிறது, யார் அவிழ்த்தது, எலி வந்துவிடும்.

முருங்கை மரத்தடியில் கறையான் பானை கவிழ்ந்து கிடந்தது. கிழிந்த சாக்கையும் காய்ந்த சாணியையும் திணித்து, தண்ணீர் தெளித்துக் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் உள்ளே கறையான் மொய்த்திருக்கும், கோழிக்கு அதைப்போல் ஒரு பண்டம் கிடையாது. ஊறவைத்த கம்பு, அரிந்த கீரைத்தண்டு, தர்பூசணித் தோல், எதைப் போட்டாலும் தின்னும், ஆனால் பானையைத் தூக்கும்போது போடுகிற கூச்சல் வேறு. வியாழனும் வெள்ளியும் அவன் பண்டம் எதுவும் போடவில்லை. பண்டத்தை நிறுத்தினால் முட்டை நின்றுவிடும் என்று ஒரு யோசனை. முட்டை என்ன குழாய்த் தண்ணீரா, வால்வை மூடினதும் நிற்பதற்கு? பாவம், வாயில்லாத ஜீவன்கள், அவன் காலையே சுற்றிச் சுற்றி வந்தன. மொட்டைக்கழுத்தி செருப்பைக் கொத்தினாள். அதுகள் மேல் என்ன தப்பு? அளக்காமல் விட்டது இந்தக் கை. பானையைத் தூக்கித் தட்டினான், வெள்ளை வெள்ளையாகக் கறையான் உதிர்ந்தது, ஏழும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து பொறுக்கின, சேவல் மட்டும் மரியாதையாகத் தள்ளி நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தது. இந்த வேடிக்கையைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டாலும் நிற்பாள் கீர்த்திகா. சட்டென்று ஒரு கை கம்பை அள்ளி நீட்டுவாள், உள்ளங்கையில் கொத்தக் கொத்தக் கூச்சத்தில் நெளிவாள், கையை மட்டும் இழுக்க மாட்டாள். வலிக்கலையாட்டி என்று கேட்டால், அதுக்கு எவ்வளவு கொத்தணும்னு தெரியும்ப்பா என்பாள். அதுக்குத் தெரியும். ஆறறிவு படைத்தவனுக்குத்தான் தெரியவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடலாமா? சொன்னால் முதலில் அக்கா வாயில் அடித்துக்கொள்வாள், அப்புறம் தாய்மாமனுக்குப் போன் போகும், அப்புறம் ஊர். தண்ணீர்த் தொட்டிக்காரன் மகளுக்கு மருந்து வைத்துவிட்டானாம், ஊருக்கு எதை ஊத்துறானோ என்று குழாயடியில் பேசுவார்கள். பேசினால் பேசட்டும். அதுவா பயம்? அது இல்லை. நாலு நாளைக்கு முன்னால் சொல்லியிருந்தால் தப்பு மருந்தில் இருந்திருக்கும். இப்போது சொன்னால் தப்பு அவனில் இருக்கும். ஒவ்வொரு நாள் தள்ளும்போதும் அது வளர்ந்துகொண்டே வந்தது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை, நாளுக்கு நாள் பூசணிக்காய் பெருத்துக்கொண்டே போனால் அவன் சோற்றுக்கு எங்கே போவான்?

கூட்டுக்குள் இருந்து கொக்கரிப்புக் கேட்டது. கறையான் தின்றுகொண்டிருந்த கருத்தி எப்போது உள்ளே போனாள், எப்போது போட்டாள்! நுணல் மட்டுமா வாயால் கெடும், கோழியும்தான், அதுவும் சும்மாவா, தெருவுக்கே அறிவிக்கிற மாதிரி கொக்கரிக்கிறது. அடுப்படியில் இருந்து அக்கா குரல் வந்தது, தம்பி, முட்டை போட்டுட்டு பாரு, எண்ணெய் எடுத்து வச்சாச்சு என்று. பூவலிங்கம் கூட்டுக்குள் கையை விட்டான். உமி மேல் வெதுவெதுவென்று கிடந்தது. கட்டைவிரலால் அழுத்தினான். நசுங்கினது விரலெல்லாம் வழிந்தது, அதை உமியோடு சேர்த்துச் சட்டியில் வாரிப் போட்டுவிட்டு, உடைஞ்சிட்டுக்கா என்று குரல் கொடுத்தான். அக்கா, அதுக்கென்ன, அடுத்தது போடும், பொறுப்போம் என்று பதில் சொன்னாள். அவன் குழாயடியில் போய்க் கையைக் கழுவினான். சோப்புப் போட்டுக் கழுவினான். மறுபடி கழுவினான். ஒரு முட்டையை உடைக்கலாம், இரண்டை உடைக்கலாம். நாளைக்கு? நாளைக்கு இருக்கட்டும், உள்ளே இறங்கிக் கிடக்கிற ஆறு முட்டைக்கு என்ன வழி? சாயங்காலம் நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் போவதாகச் சங்கரவடிவு நேற்றே சொன்னாள். டாக்டர் என்ன கேட்பார், என்ன சாப்பிட்டாள் என்று கேட்பார். முட்டை, எண்ணெய், களி. அதற்கு ஒரு மாத்திரை எழுதித் தருவார். அளவு தெரியாமல் போட்டாலாவது பரவாயில்லை, எதற்கென்றே தெரியாமல் போடுவாரே! தொட்டியில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லாமல் ஒருத்தனைத் தண்ணீரைச் சுத்தம் பண்ணச் சொன்னால் அவன் ஒத்துக்கொள்வானா? சன்னலில் மறுபடி ஓங்கரிப்பு. இந்தத் தடவை முடிவில் ஒரு சின்ன அழுகை. அம்மா, முடியலம்மா என்றாள். அவன் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான், தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, ஒரு சொட்டு சிந்தினாலும் அடுத்தவனைத் திட்டுகிறவன் அதை மூடவில்லை.

அப்போது புள்ளிக்காரி கொக்கரித்தாள். அவன் திரும்புவதற்குள் அக்காவே சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்வாசல் படி இறங்கி வந்துவிட்டாள், ஒன்னய நம்பினா மத்தியானம் ஆயிரும் என்று சொல்லிக்கொண்டே குனிந்து கூட்டுக்குள் கையை விட்டு எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். நல்ல பெரிய முட்டை என்று மெச்சினாள். பூவலிங்கம் வாயைத் திறந்தான். அது கூமுட்டை, கொடுக்காதேக்கா என்றான். எங்கிருந்து அந்தப் பேச்சு வந்ததோ அவனுக்கே தெரியாது. அக்கா முட்டையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். இப்பப் போட்ட முட்டை எப்படிலே கூமுட்டை ஆகும், ராத்திரி தூக்கமில்லாம ஒனக்குப் புத்தி கலங்கிப்போச்சு, போ, போய்க் காபியைக் குடி என்று சிரித்துக்கொண்டே படியேறிவிட்டாள். கோழி வளர்க்கிறவன் சொன்ன பொய்யைப் பாரு! சொல்வதற்கு வேறு பொய்யே கிடைக்கவில்லை அவனுக்கு. அவன் அங்கேயே நின்றான். உள்ளே அக்கா பேசுகிற சத்தம், வாயைத் தொறட்டி, கண்ண மூடிக்கிட்டு ஒரே மடக்கு என்கிற சத்தம், வேண்டாம்த்தை என்கிற சத்தம். அப்புறம் ஸ்பூன் முனையால் முட்டையைக் கொத்துகிற சத்தம், டொக், டொக். மூன்றாவது டொக்குக்கு அவன் கூட்டின்மேல் வைத்திருந்த மருந்துப் பாட்டிலைக் கையில் எடுத்திருந்தான். எப்படிப் படியேறினான், எப்படி அடுப்படியைத் தாண்டினான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஓலைத் தட்டிக்கு முன்னால் நின்றான். ஆம்பிளை வரக்கூடாத இடம்.

"குடிக்காதம்மா. அதுல மருந்து இருக்கு."

சங்கரவடிவு தட்டியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள், கையில் ஈரத்துண்டு. அவன் பாட்டிலை நீட்டினான். பேன், வாளி, தொலைந்த மூடி, கண்ணளவு, காம்பவுண்டர், மூன்று வாரம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒரே இழுப்பில் சொன்னான், கோர்வையாகச் சொன்னானா என்பது தெரியாது, ஆனால் ஒன்றையும் விடவில்லை. ஒன்றைத் தவிர. பின்னால் வந்த அக்கா முட்டையைத் தன் உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அட பாவி, அட பாவி என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சங்கரவடிவு கத்தவில்லை. கத்துவாள் என்றுதான் நாலு நாளாக நடுங்கினான். பாட்டிலை வாங்கி, கிழிந்துபோன ஒட்டுக்காகிதத்தில் மிச்சமிருந்த எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். படித்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"செவ்வாக்கிழமை."

அவள் பாட்டிலைத் திருப்பி அவன் கையில் கொடுத்தாள். ஆட்டோக்காரருக்குப் போன் பண்ணுங்க மதினி என்று ஆவுடையம்மாளிடம் சொன்னாள், மகளின் சட்டைத் துணியை எடுக்க அலமாரிக்குப் போனாள். தட்டி விலகினபடியே இருந்தது. கீர்த்திகா எழுந்து வெளியே வந்தாள். சடங்கு முடியுமுன்னே வரக்கூடாது என்று சொல்ல அங்கே யாருக்கும் நினைவில்லை. பதின்மூன்று நாள் கழித்து மகளை அவன் பார்த்தான். அக்காவின் பழைய தாவணி ஒன்றைச் சுற்றியிருந்தாள், கண் இரண்டும் உள்ளே போயிருந்தது, உதடு வெடித்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்றும் ஆகாது, டாக்டர்கிட்டச் சொல்லிட்டா சரியாயிரும், அப்பா சொல்லிருதேன் என்றான். அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள், கணக்குப் பாடத்தில் ஒரு இடம் புரியாதபோது புருவத்தைச் சுருக்குவாளே, அப்படிச் சுருக்கியிருந்தாள்.

"நேத்து நான் வேண்டாம்னு அழுதேன்லப்பா. நீங்கதான வெளிய நின்னு, குடிச்சிரும்மா, அப்பா கோழி போட்டதுன்னு சொன்னீங்க?"

நேற்று அப்படித்தான் நடந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அவள் வாயை மூடிக்கொண்டு அடம்பிடித்தாள், அக்கா சலித்துப்போய், நீ சொல்லுலே, அப்பன் சொன்னாத்தான் கேப்பா என்றாள். வேண்டாம்னா விட்டுருங்க என்று சொல்ல அவனுக்கு அப்போது ஒரு வாய்ப்பு இருந்தது. யாரும் காரணம் கேட்டிருக்க மாட்டார்கள். அவன் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று, குரலைக் கொஞ்சிக்கொண்டு, அந்த வார்த்தைகளைத்தான் சொன்னான். அவளும் குடித்தாள். அவன் குடிச்சிட்டாளா என்றுகூடக் கேட்டான்.

"ஆமாம்மா" என்றான்.

அவள் சரியென்று தலையை ஆட்டினாள். ஆட்டோ வந்து வாசலில் நின்றது. சங்கரவடிவு முதலில் ஏறி ஓரத்தில் உட்கார்ந்தாள், மகள் நடுவில் உட்காரட்டும் என்று. பூவலிங்கம் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த ஓரத்தில் ஏறி, நடுவில் இடம் விட்டு ஒதுங்கினான். கீர்த்திகா இருவரையும் பார்த்தாள். பிறகு, நீ நகரும்மா என்று அம்மாவை நடுவுக்குத் தள்ளிவிட்டு, அம்மா இருந்த ஓரத்தில் போய் உட்கார்ந்தாள்.